பின்சக்கரத்துக்கு எவ்வளவு?

செப்டம்பர் 8

இல்லை, வீட்டுக்குப் போகவில்லை. மான்செஸ்டரில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தால், நவநீதன் ஒரு வீட்டோடு நிற்கிறான்.

வெள்ளை நிறம். பக்கவாட்டில் ஒரு பழுப்புக் கோடு. முன்னால் வேன், பின்னால் அறை. உள்ளே இரண்டு அடுப்பு, ஒரு கட்டில், நின்ற இடத்திலிருந்தே நான்கு சுவரையும் தொடக்கூடிய குளியலறை. மோட்டார் ஹோம். அலுவலக நண்பன் ஸ்டீபனுடையதாம். இரவல்.

"ஒரு மாசம் கோவில்பட்டி வெயில்ல கிடந்துட்டு வர்ற. நேரா வீட்டுக்குப் போயி என்ன செய்ய? பிரான்ஸ் போவோம்."

"இப்பவேயா?"

"மே மாசம் எடுத்த பிரான்ஸ் விசா சும்மாதான கிடக்கு. லீவு போட்டாச்சு."

"எத்தன நாளு?"

"பாப்போம்."

நவநீதன் 'பாப்போம்' என்று சொல்கிறவன் இல்லை. கல்யாணமான புதிதில் குற்றாலம் போனதற்குக் கூட அட்டவணை போட்டவன். எந்த அருவியில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது வரை. இந்த முறை அட்டவணை இல்லை. நல்ல மாற்றம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்றுதான் எழுத முடிகிறது.

"இருபத்திமூணாந் தேதி நான் யுனிவர்சிட்டியில நிக்கணும், ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு."

முனைவர் பட்டத்துக்கான இடம். மூன்றாவது முறை விண்ணப்பித்துக் கிடைத்தது. முத்துக்குளிப்பின் வரலாறு. இருபத்து மூன்றாம் தேதி நேரில் போய்ப் பதிவு செய்யாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். நான் அவனைச் சார்ந்தவள் என்ற விசாவில்தான் இங்கிலாந்தில் இருக்கிறேன். அவன் வேலை, அவன் பெயர், அதன் கீழே என் பெயர். அந்த இடம் மட்டும் என்னுடையது.

ஹல் துறைமுகத்துக்குப் போகும் நெடுஞ்சாலை லீட்ஸ் வழியாகத்தான் போகிறது. எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழி வந்தது. அங்கிருந்து வீடு ஒரு பாட்டுத் தூரம். துணியாவது மாற்றிக்கொண்டு போகலாமே என்று சொல்ல நினைத்தேன். அவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான், பின்னால் யாரோ துரத்துவது போல. தாண்டிவிட்டோம்.

"கறிவேப்பிலைச் செடிக்கு யாரு தண்ணி ஊத்துறா?"

"பக்கத்து வீட்டு மார்கரெட்கிட்ட குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா, பாத்துக்கச் சொல்லியிருக்கியா?"

"அதான். அதத்தான் சொல்றேன்."

செப்டம்பர் 9

இரவுக் கப்பலில் ரோட்டர்டாம். இங்கே ஓட்டுவது சாலையின் வலப்பக்கம். வட்டச் சந்திகளில் இருவரும் கத்திக்கொண்டோம்.

வண்டியின் பின்பக்கம் ஆடுகிறது, தூளி ஆடுவது போல. கேட்டால் காத்து அடிக்குது என்கிறான். வெளியே மரங்கள் அசையவில்லை.

அம்மா அழைத்தாள். "ஏட்டி, வீடு போயிச் சேந்தியா?"

"சேந்துட்டேம்மா."

"மாப்ள என்ன செய்தாரு?"

"ஓட்டிக்கிட்டு... சமைச்சிக்கிட்டு இருக்காரு."

வைத்த பிறகு அவன், "பொய் ஒண்ணும் சொல்லல. இதுவும் வீடுதான," என்றான். சிரித்தோம். யார் முதலில் நிறுத்தியது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 10

பெல்ஜியம். பெட்ரோல் நிலையம். டயருக்குக் காற்று பார்த்துவிடலாம், ஆட்டம் குறையலாம் என்றேன். இயந்திரத்தில் ஒரு சின்னத் திரை. கூட்டல் பொத்தான், கழித்தல் பொத்தான். திரையில் 2.0.

"எவ்வளவு வைக்க?"

"முப்பத்திரண்டு." யோசிக்காமல் சொன்னேன்.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் அதுதான் எண். பெட்ரோல் பங்கில் குழாயை இழுத்துக்கொண்டு வருபவர் 'எவ்ளோண்ணே?' என்பார். அப்பா, 'முன்னாடி முப்பது, பின்னாடி முப்பத்திரண்டு' என்பார், பெயரைக் கேட்டால் சொல்வது போல. முப்பத்திரண்டு என்ன, எதில் முப்பத்திரண்டு என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. லாரிக்காரர்கள் மட்டும் பவுண்டு என்பார்கள். கார்க்காரர்களுக்கு வெறும் எண். வாயில் பல் முப்பத்திரண்டு, டயரில் காற்று முப்பத்திரண்டு.

அவன் கூட்டல் பொத்தானை அழுத்திக்கொண்டே போய் 3.2ல் நின்றான். "நடுவுல புள்ளி வச்சிருக்கான். அவ்வளவுதான். முப்பத்திரண்டு."

நான் தலையாட்டினேன். எங்களுக்கு நடுவில் இரண்டு முதுகலை, ஒரு பொறியியல்.

குழாயை மாட்டியதும் காற்று ஏறவில்லை. உஸ்ஸென்று வெளியே போனது. நான்கு சக்கரத்திலும்.

"பாத்தியா? ஸ்டீபன் ஏகத்துக்கு அடிச்சு வச்சிருக்கான். அதான் ஆடியிருக்கு."

அவன் முகத்தில் கொஞ்ச நாளாக இல்லாத ஒரு திருப்தி. ஏதோ ஒன்றைச் சரிசெய்துவிட்டவனின் முகம். நானும் குழாயைச் சுற்றி மாட்டினேன்.

செப்டம்பர் 11

ஆட்டம் கூடிவிட்டது.

பிரான்சுக்குள் வந்து ஒரு ஓய்விடத்தில் நிறுத்தினோம். பின்சக்கரத்தைத் தொட்டேன். கையை எடுத்துவிட்டேன். முன்சக்கரம் வெதுவெதுப்புதான். பின்சக்கரம் அடியில் பிதுங்கி நின்றது, கைக்குழந்தையின் கன்னம் போல.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் இரும்பில் ஒரு ஒட்டுத்தாள். டயர் படம் போட்டு 65, 80 என்று இரண்டு எண்கள். மற்ற எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது.

"அறுபத்தஞ்சு, எண்பது. இது என்னது நவீ?"

"வேகமா இருக்கும்."

"முன்சக்கரம் அறுபத்தஞ்சுலயும் பின்சக்கரம் எண்பதுலயும் போகுமா?"

அவன் ஒரு கணம் உண்மையிலேயே யோசித்தான். பிறகு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது.

சிரித்து முடித்துவிட்டுத் தொலைபேசியில் தேடினேன். 65ம் 80ம் பவுண்டு. இங்குள்ள இயந்திரங்கள் பேசுவது 'பார்' என்ற அலகு. ஒரு பார் என்பது பதினான்கரை பவுண்டு. ஆகவே முன்னால் நான்கரை, பின்னால் ஐந்தரை வேண்டும். நாங்கள் வைத்த 3.2 என்பது நாற்பத்தாறு பவுண்டு. ஊரின் முப்பத்திரண்டு இங்கே இரண்டு புள்ளி இரண்டு. அது காருக்கு. இது லாரியின் தங்கை.

அவனிடம் ஒரு கை அளவுமானி இருக்கிறது. இரண்டு வளையங்கள், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. எது எந்த அளவு என்று எழுதியிருந்தது அழிந்துவிட்டது. சிவப்பு 46 காட்டியது, கறுப்பு 320. முந்நூற்றிருபது என்ன? இன்னொரு அலகு. கிலோபாஸ்கல். நூறு சேர்ந்தால் ஒரு பார். ஒரே காற்றுக்கு மூன்று எண். மூன்றும் சரி. எனக்குத் தலை சுற்றியது.

"அப்ப நேத்து நாம காத்த அடிக்கல. புடுங்கி விட்டிருக்கோம்," என்றேன்.

"புடுங்கி விட்டிருக்கோம்," என்றான்.

செப்டம்பர் 12

பெட்ரோல் நிலையத்து இயந்திரம் நான்கு பாருக்கு மேல் ஏறவில்லை. ஐந்தரை வேண்டுமானால் லாரிகள் நிற்கும் நிலையத்துக்குப் போக வேண்டுமாம். இந்த வழியில் இல்லை.

நான்கு போதுமா? டயர் நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. அச்சின் மேல் எவ்வளவு எடையோ, அதற்கேற்ற காற்று. ஒட்டுத்தாளில் உள்ள எண்பது முழுப் பாரத்துக்கு. பாரம் குறைந்தால் காற்றும் குறையலாம். நான்கு பார் என்றால் பின் அச்சில் ஆயிரத்து எழுநூறு கிலோ வரை தாங்கும்.

எனக்கு இது பிடித்திருந்தது. பதில் எண்ணில் இல்லை. நீ எவ்வளவு சுமக்கிறாய் என்பதில் இருக்கிறது. அவனிடம் சொன்னேன்.

"நாம ரெண்டு பேரு. என் பெட்டி, உன் பை. கண்டிப்பா கம்மியாத்தான் இருக்கும். எங்கயாவது வண்டியோட எடை போட்டுப் பாத்துட்டா நாலே போதும்னு தெரிஞ்சிரும்."

"எடையெல்லாம் எதுக்கு?"

"அட்டவணைக்கு."

"அஞ்சரையே அடிச்சிருவோம் செம்பா. மேக்சிமம். முடிஞ்சுது."

"காலி வண்டிக்கு அஞ்சரை அடிச்சா குதிக்கும்னு போட்டிருக்கு."

"குதிக்காது."

"எப்படித் தெரியும்?"

"எடை பாக்கணும்னா கல்யாணத்துக்கு முந்தியே பாத்திருக்கணும். இப்ப வந்து பாத்து என்ன செய்ய? திருப்பியா குடுக்கப் போறே?"

சிரிக்க வைக்கச் சொன்னதுதான். சிரித்தேன். அளவு தெரியாமல் அதிகபட்சத்தை வைக்கிற ஆள் இல்லை அவன். சாம்பாருக்கு உப்பை நிறுக்கிற ஆள்.

செப்டம்பர் 13

மழை. இன்றும் தெற்கே. கேட்டேன், தெற்கே வெயில் இருக்கும் என்றான்.

செப்டம்பர் 14

லியோனுக்கு வெளியே முகாம். துணி துவைத்தேன். கழிவுத் தொட்டியை அவன் காலி செய்தான். தக்காளிச் சாதம். அம்மா கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய்.

கயிறு வேண்டியிருந்தது, துணி காயப்போட. வண்டியின் பின்னால் வெளிப்பக்கமாகத் திறக்கும் ஒரு பெரிய சாமான் அறை இருக்கிறது. பூட்டியிருந்தது.

"அது திறக்காது. பூட்டு இறுகிப்போச்சு."

"கயிறு இருக்குமான்னு..."

"உள்ள ஸ்டீபனோட சாமான் செம்பா. அடுத்தவன் சாமானத் தொட வேண்டாம்."

இரண்டு காரணம் சொன்னான். பூட்டு இறுகியிருந்தால் தொட முடியாது. தொடக்கூடாதென்றால் பூட்டு திறக்கும். நான் துப்பட்டாவைக் கட்டி அதில் துணியைக் காயப்போட்டேன்.

அவன் வேலிப்பக்கம் நடந்துகொண்டிருந்தான், தொலைபேசியைக் காதில் வைத்து. யாரிடமும் பேசவில்லை. உதடு அசையவில்லை. நடக்க ஒரு காரணம் வேண்டியிருந்திருக்கிறது.

அலுவலகத்திலிருந்து ஒரு அழைப்பு கூட வரவில்லை. லீவில் இருந்தால் அப்படித்தான்.

ஜூலையில் ஒரு நாள் நூலகத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அவன் சமையலறையில் மடிக்கணினியை மூடிவைத்து அதன் மேல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். மதியம். மீட்டிங் ரத்தாயிடுச்சு என்றான். வீட்டுக்காரர் வந்து ஜன்னலை அளந்துகொண்டு போனதும் அந்த வாரம்தான். புதுத் திரை போடப்போகிறார் என்றான்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. டயரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 15



மலை இறக்கம். ஒரு எண்ணெய் லாரி எங்களைத் தாண்டியது. அது தாண்டிய காற்றில் வண்டியின் பின்பக்கம் இடப்புறம் போனது, பிறகு வலப்புறம், பிறகு இன்னும் அதிகமாக இடப்புறம். சமையல் அலமாரி திறந்து தட்டுகள் கொட்டின. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த நவநீதனின் விரல்களில் ரத்தமே இல்லை. தடுப்புக் கம்பிக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நேரானது.

ஓரமாக நிறுத்தினோம். பின் இடப்பக்க டயரின் பக்கவாட்டில் ஒரு கொப்புளம். எலுமிச்சை அளவு.

"சொன்னேன்ல? நாலு போதலை," என்றான்.

"போதலைன்னா பாரம் அதிகம்னு அர்த்தம். பாரம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"தண்ணித் தொட்டி."

"பாதிதான் இருக்கு."

"பழைய வண்டி செம்பா."

"நாளைக்கி எடை போடுறோம்."

"டயர மாத்திருவோம், அஞ்சரை..."

"நாளைக்கி எடை போடுறோம்ங்க."

கோபம் வந்தால்தான் நான் அவனிடம் 'ங்க' போடுவேன். அவனுக்குத் தெரியும். சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் உடைந்த தட்டுகளைப் பொறுக்கினேன். ஒன்று எங்கள் வீட்டுத் தட்டு. நீல விளிம்பு. ஸ்டீபனின் அலமாரியில்.

மாற்று டயர் போட்டாயிற்று.

செப்டம்பர் 16

திராட்சை அறுவடைக் காலம். ஊரெங்கும் புளித்த இனிப்பு வாசனை. டிராக்டர்கள் திராட்சையைக் குவித்துக்கொண்டு கூட்டுறவு ஆலைக்குப் போகின்றன. வாசலில் எடைமேடை. எங்கள் ஊர்ப் பஞ்சு ஆலை வாசலில் இருப்பதேதான், மேலே காவி வண்ணமும் பிள்ளையாரும் மட்டும் இல்லை.

இன்று நான் ஓட்டினேன். இரண்டு டிராக்டருக்கு நடுவில் போய் நின்றேன். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து ஏதோ சொன்னாள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். 'உங்கள் திராட்சை எங்கே?' என்று கேட்டிருக்கிறாள். பிறகு ஆங்கிலத்தில் கேட்டபோது புரிந்தது. டயருக்குக் காற்று வைக்க எடை தெரிய வேண்டும் என்றேன். தோளைக் குலுக்கி, வா என்று கையசைத்தாள்.

முதலில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்ற வேண்டும். பிறகு முழு வண்டி. கழித்தால் பின் அச்சு.

"இறங்கு. நம்ம ரெண்டு பேரு எடையும் வேண்டாம்."

நவநீதன் இறங்கினான். கால்சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு, எண் தெரியும் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றான்.

முன்சக்கரங்கள்: 1440.

முழு வண்டி: 3980.

கழித்தேன். 2540. மறுபடி கழித்தேன். பென்சிலால் கையில் எழுதிக் கழித்தேன். நான்கு பாருக்கு ஆயிரத்து எழுநூறு. ஐந்தரைக்கே இரண்டாயிரத்து இருநூற்றுச் சொச்சம்தான். எண்பது பவுண்டும் போதாது. அட்டவணையில் அந்த எண்ணே இல்லை. முழு வண்டியும் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் போகக்கூடாது.

ஏதோ ஒரு இடத்தில் அலகைத் தப்பாக எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். கிலோ இல்லையோ. இங்கே இது வேறு எதுவோ. ஒரு வாரமாக எல்லா எண்ணும் வேறொன்றாகத்தானே இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் கேட்டேன், இது என்ன, பவுண்டா?

"கிலோ," என்றாள். "உள்ளே எத்தனை பேர்?"

"யாருமில்லை. நாங்கள் இருவர்தான். இருவரும் இறங்கிவிட்டோம்."

அவள் வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கேலியாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்:

"வீடு மாற்றுகிறீர்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆமாம்," என்றான் நவநீதன், பின்னாலிருந்து, ஆங்கிலத்தில். அவளுக்கு.

பின்னால் டிராக்டர்க்காரர் ஹாரன் அடித்தார். வண்டியை எடுத்தேன்.

செப்டம்பர் 16, மாலை

பூட்டு சுலபமாகத் திறந்தது.

மாவரைக்கும் கிரைண்டர். குக்கர் இரண்டு. அரிசி டிரம். வரவேற்பறைத் திரைகள். டி.வி. கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த குத்துவிளக்கு, போர்வை சுற்றி. சுவர்க் கடிகாரம், ஓடிக்கொண்டிருந்தது. என் பட்டுப்புடவைகள் ஒரு பெட்டி. என் புத்தகங்கள் பதினோரு பெட்டி. ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்தில் 'செம்பா: மேல் தட்டு', 'செம்பா: மேஜை', 'செம்பா: ஜன்னல் பக்கம்'. எங்கிருந்து எடுத்தானோ அந்த இடத்தின் பெயர்.

அவன் சாமான் எது என்று தேடினேன். ஒரு பை. அது வண்டிக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

புல்லில் உட்கார்ந்து சொன்னான். வேலை போய்விட்டது. ஜூலையிலேயே சொல்லிவிட்டார்கள், நான் ஊரில் இருந்தபோது கடைசி நாள். வீட்டுக் குத்தகை ஆகஸ்டோடு முடிந்தது. புதுப்பிக்கவில்லை. விசா இன்னும் சில வாரம் தாங்கும், பிறகு நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வரும்.

"ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தி ஏன் சொல்லல?"

"உன் தம்பி கல்யாணத்துக்குப் போற. முகத்துல காட்டிருவ."

"வந்தப்புறம்?"

"ஏர்போர்ட்ல சொல்லத்தான் வந்தேன். நீ இருபத்திமூணாந் தேதின்ன."

"அதுக்கு?"

"என் வேலை போச்சுன்னா உன் விசா போச்சு. உன் சீட்டும் போச்சு. அத எப்படிச் சொல்ல? கொஞ்ச தூரம் போயிட்டுச் சொல்லுவோம்னு பாத்தேன். ஒவ்வொரு ஊர்லயும் பாத்தேன்."

"எங்கதான் போறதா இருந்த?"

"தெற்க போனா குளிர் கம்மி."

"அப்புறம்?"

அப்புறம் இல்லை. பொறியாளன். அட்டவணைக்காரன். அப்புறமே இல்லாமல் நாலு டன்னை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

"வண்டியாவது ஸ்டீபனோடதா?"

"ஸ்டீபனோடதுதான். அக்டோபர் வரைக்கும்."

எனக்கு என்ன தோன்றியது என்று எழுத முயற்சி செய்கிறேன். கோபம் என்று எழுதி அடித்துவிட்டேன். 'ஜன்னல் பக்கம்' என்று எழுதியிருந்த பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான் அடுக்கியிருந்த வரிசை மாறவில்லை. அதனால் அழுதேனா, அது எனக்கு ஆத்திரமூட்டியதாலா, தெரியவில்லை.

செப்டம்பர் 17

பல்கலைக்கழக அலுவலகத்துக்கு எழுதினேன். விவரம் முழுவதும். மதியமே பதில். நான் மாணவர் விசாவுக்கு என் பெயரிலேயே மாறலாம். இப்போதைய விசா செல்லுபடியாகும்போதே, இங்கிலாந்துக்குள் இருந்து விண்ணப்பிக்க வேண்டும். இருபத்து மூன்றாம் தேதி நேரில் வந்தால் மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம். கடைசியில் ஒரு கேள்வி: ஆய்வு மாணவர் என்பதால் உங்களைச் சார்ந்தவரும் விண்ணப்பிக்கலாம். யாராவது இருக்கிறார்களா?

சத்தமாக வாசித்தேன். நவநீதன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப சீட்டு போகலையா?"

"நீ சொல்லியிருந்தா எனக்கு ஜூலையிலயே தெரிஞ்சிருக்கும்."

உரித்தான். இன்னொரு கிழங்கை எடுத்துக்கொண்டு, "உன் பேர்ல நானா?" என்றான்.

"ஏன், நான் மூணு வருசம் உன் பேர்ல இருக்கலையா?"

"அது வேற."

"என்ன வேற?"

உரித்த கிழங்கையே மறுபடி உரித்தான்.

"நீ என்ன போட்டிருக்க? ஆமான்னா, இல்லைன்னா?"

"இன்னும் ஒண்ணும் போடல."

உண்மைதான். விரலை வைத்து எடுத்துவிட்டேன். இருக்கிறார் என்று எழுதினால் மன்னித்துவிட்டேன் என்று ஆகுமா? இல்லை என்று எழுதினால் அவன் ஒரு பையோடு எந்த விமானத்தில் ஏறுவான்? பதினோரு பெட்டி கட்டியவனை ஒரு சொல்லில் இறக்கிவிட முடியுமா? இறக்கிவிட வேண்டும் என்றுதான் காலையில் நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான்.

செப்டம்பர் 18

எடையைக் குறைத்தாக வேண்டும். நகரத்தில் பழைய சாமான்களைத் தானமாக வாங்கிக்கொள்ளும் ஒரு கொட்டகை. டி.வி., திரைகள், பாத்திரங்கள், மேஜை விளக்கு, அரிசி டிரம், குளிர்காலப் போர்வைகள். கிரைண்டரைப் பார்த்துக் கொட்டகைக்காரர் சிமெண்ட் கலக்கும் பொம்மையா என்று கேட்டார். தோசை என்ற சொல்லை நவநீதன் கையால் வட்டம் போட்டு விளக்கினான். அவர் மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

புத்தகங்களில் நான்கு பெட்டியை நான் எடுத்தேன். அவன் குறுக்கே வந்து நின்றான்.

"அது வேண்டாம். அது உன் ஆராய்ச்சிக்கு."

"இது கதைப் புத்தகம். தள்ளு."

"அப்ப என் பைய எடுத்துக்கோ."

"உன் பை ஒம்பது கிலோ. நாடகம் போடாத."

மற்ற பெட்டிகளைப் பின்னாலிருந்து எடுத்து முன்பக்கம், மேஜைக்கு அடியில் அடுக்கினோம். பின் அச்சின் பாரம் முன் அச்சுக்குப் போகும். மறுபடி எடைமேடை. பூட்ஸ் பெண் இன்று வரிசையை நிறுத்தியே எங்களை விட்டாள். எங்களையும் சேர்த்து மொத்தம் 3460. பின் அச்சு 1880.

பிறகு லாரி நிலையம். ஒரு புது டயர். அங்கே இயந்திரம் எட்டு வரை போகிறது. குழாயைப் பிடித்துக்கொண்டு நவநீதன் என்னைப் பார்த்தான்.

"பின்சக்கரத்துக்கு எவ்வளவு?"

அட்டவணைப்படி நான்கே முக்கால் போதும். ஐந்து என்றேன். வைத்தான்.

காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது சொன்னேன்: "உங்கம்மாட்ட சொல்லு. இப்ப. அதுக்கப்புறம்தான் நான் அந்தக் கேள்விக்குப் பதில் போடுவேன்."

"ஆமான்னா?"

"முதல்ல சொல்லு."

ஏன் அதைக் கேட்டேன் என்று எனக்கே தெளிவில்லை. தண்டனையா? எனக்கு அவன் சொன்னதே எடைமேடைப் பெண்ணின் கேள்விக்குப் பதிலாகத்தான். ஒருவரிடமாவது அவன் வாயால், நேராகச் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

லாரிகளுக்கு நடுவில் நின்று அழைத்தான். ஒலிபெருக்கியில் போட்டான். சாத்தூரில் டி.வி. ஓடுகிற சத்தம்.

"அம்மா, எனக்கு வேலை போயிருச்சு. அவங்க சொல்லி ரெண்டு மாசமாச்சு."

டி.வி. சத்தம் நின்றது.

"செண்பகத்துக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"முந்தாநாத்து."

"வெளங்கும். அவ என்ன சொன்னா?"

அவன் என்னைப் பார்த்தான். "டயருக்குக் காத்து சரியா வைக்கச் சொன்னா."

அத்தை, "வச்சியா?" என்றாள்.

"வச்சேன்."

"அவள்ட்ட குடு."

வாங்கினேன். அத்தை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "அவன் அப்பாவும் இப்படித்தான் தாயி. கட இழுத்து மூடுனத நான் பக்கத்துக் கடக்காரி சொல்லித்தான் கேட்டேன். நீ உன் படிப்ப விட்றாத. அவன இழுத்துக்கிட்டுப் போறியோ, விட்டுட்டுப் போறியோ, அது உன் பாடு." வைத்துவிட்டாள்.

நவநீதனும் கேட்டான். ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்தோம்.

படியில் உட்கார்ந்து பதில் எழுதினேன். 'ஆம். ஒருவர். என் கணவர்.' அனுப்பினேன். மன்னித்தேன் என்று இதற்குப் பொருள் இல்லை என்று அவனிடம் சொன்னேன். தெரியும் என்றான். என்ன பொருள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் விழித்திருப்பேன்.

வால்வ் மூடிகளைப் போட்டேன். தட்டு அலமாரியை நாடாவால் ஒட்டினேன். ஓட்டுநர் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு, வடக்கே போகும் சாலையில் வண்டியை எடுத்தேன்.